ஆற்றுவாயில் ஒரு சொல்

வெயிலில் கிடந்து கெடத் தொடங்கும் இறாலின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறது. என் பதினோராவது வயதில், சித்திரை விடுமுறை நாட்களில், எனக்குக் காலை விடிந்ததே அந்த வாடையில்தான். இறால், தூண்டிலில் கோப்பதற்கு. மண்ணெண்ணெய், அப்பாவின் படகு எஞ்சினுக்கு. போர் முடிந்து பாதைகள் திறந்து, கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குடும்பங்கள் மட்டக்களப்பைப் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம் அது. அதுவரை தோணியில் போய் வலை வீசிக்கொண்டிருந்த அப்பா, பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, குறுக்கே மூன்று பலகை போட்டு, மேலே வெயிலுக்கு நீலப் படங்கு கட்டி, அந்தக் குடும்பங்களை அரை நாள் தூண்டில் போட அழைத்துப் போனார். கடலோடு சேரும் மட்டக்களப்பு வாவியை நாங்கள் வாவி என்று சொல்வதில்லை, "ஆறு" என்றே சொல்வோம். விடுமுறை முடியும்வரை நானும் அந்த ஆற்றில்தான் இருந்தேன்.

என்னைக் கூட்டிப்போகச் சொன்னவர் அம்மா. "நீ போ மகள். புள்ளயோட ஒரு தகப்பன் வாறான் எண்டா வாற பொம்புளையாக்களுக்குப் பயம் வராது" என்றார். ஆக, மற்றவர்களின் பயத்தைப் போக்குவதற்காக நான் படகின் முன்மூக்கில், அப்பா "அணியம்" என்று சொல்லும் இடத்தில், கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். படகில் இரண்டு செம்மஞ்சள் மிதவைச் சட்டைகள் இருந்தன. இரண்டும் வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு. சட்டையில்லாமல் நான் அங்கே இருப்பதுதான் அந்தப் பயணம் ஆபத்தில்லாதது என்பதற்கு அப்பா காட்டிய அத்தாட்சி. "முகத்தக் கறுப்பாக்காத மகள், உன்னப் பாத்துத்தான் அவங்க இரிப்பாங்க" என்று படகைத் தள்ளும்போதே காதுக்குள் சொல்லிவிடுவார். எனக்கோ முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பயம்தான். அதை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் கரைச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்ணா மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகியிருந்தேன்.

பயம் தண்ணீரைக் கண்டல்ல. ஆறு இடுப்பளவு, கழுத்தளவு, அசையாத தண்ணீர். நான் பயந்தது ஆற்றுவாயின் இரைச்சலுக்கு. ஆறு கடலோடு சேரும் அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போகும்போது கடல் கண்ணுக்குத் தெரியாது; நடுவே மணல் திட்டு கிடக்கும்; அதற்குப் பின்னால் யாரோ பெரிய சாக்குகளை ஓயாமல் நிலத்தில் போட்டு இழுப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்கும். மாரி முடிந்து மழை நின்றால் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும், பிறகு பயமில்லை. அந்த ஆண்டு மழை பிந்தி ஓய்ந்ததால் சித்திரையிலும் வாய் முழுக்க அடைபடவில்லை. ஒடுங்கிய ஒரு வெட்டு மட்டும் திறந்து கிடந்தது, அதனால் "வத்து" நேரத்தில், அதாவது ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வடியும் நேரத்தில், அவ்வளவு தண்ணீரும் அந்த ஒடுக்கத்தால்தான் ஓடியது. கொடுவா மீன் கொத்துவதும் அந்த நேரத்தில், அந்த ஓட்டத்தின் ஓரத்தில்தான். அப்பா அங்கே ஒரு கம்பு நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அந்தக் கம்பைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் "திரும்பு" என்ற சொல் பாடப்புத்தகத்தில் மட்டுமே இருந்தது. வாயில் வருவதெல்லாம் "கிறுகு". அம்மா என்னை எழுப்பும்போது "அங்கால கிறுகிப் படுக்காம எழும்பு" என்பார். கடைக்கு வழி கேட்டால் "சந்தியில கிறுகிப் போ" என்பார்கள். படகைத் திருப்புவதும் கிறுகுவதுதான். அது எங்களூர்ச் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல் அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

அன்றைக்கு வந்தது கொழும்பில் குடியிருந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். கண்ணாடி போட்ட, சிரித்த முகமான தகப்பன்; தாய்; என் வயதில் மயூரி என்றொரு மகள்; நாலு வயது மகன். படகு, மீன் பாடும் என்று பேர்பெற்ற கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது தகப்பன் கேட்டார்: "அண்ணை, பாடுற மீன் எங்க?"

"அது ராவையில பாடும் ஐயா. பகல்ல கொத்துற மீனுக்குத்தான் நான் பொறுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சந்தோசமாகிவிட்டார். அவருக்கு வந்தவர்கள் சிரித்தால் போதும். அந்த உற்சாகத்தில், ஆறு அகன்று அமைதியாகக் கிடந்த இடத்தில், பாடுற மீனைக் கேட்ட அந்த மனுசனின் கையில் எஞ்சின் பிடியைக் கொடுத்துப் பழக்கினார். "மெல்லமா முறுக்குங்க ஐயா. முறுக்கினா ஓடும். விட்டா நிக்கும்." பக்கம் மாற்றுவதை மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, தன் கையை அவர் கைமேல் வைத்துத் தானே தள்ளிக் காட்டினார். முறுக்கு என்ற சொல் அந்த மனுசனின் காதில் ஏறியது அப்படித்தான்.

சிவப்புத் துணிக் கம்புக்கு இப்பால் நங்கூரம் போட்டு நின்றோம்; முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் கொத்தவில்லை. மயூரி தூண்டில் நூலை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போனாள். நான் ஆறுதலாக, "இரிங்க, மறுகா கொத்தும்" என்றேன்.

"மறுகாவோ? அம்மா, இவ மறுகா எண்டுறா! அதென்ன மறுகா?"

"பிறகு" என்றேன்.

"அப்ப பிறகு எண்டு சொல்லலாமே. மறுகா, மறுகா, மாட்டுக்குக் கயிறு கா!" அவள் பாட்டாகவே பாடினாள். தம்பிக்காரன் கைதட்டினான். "சும்மா இரு மயூரி" என்று தாய் சொன்னார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை. இனி இவர்களுக்கு முன்னால் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அணியத்தில் இருந்து முடிவெடுத்தேன். அப்பா மகனின் தூண்டிலில் வந்த சின்ன ஓரா மீனை முள் குத்தாமல் கழற்றிக்கொண்டிருந்தார், எதையும் கவனிக்கவில்லை.

கச்சான் காற்று எழுந்ததும் அப்பா கரைக்குப் போகலாம் என்றார். தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் சூடான காற்று அது. வத்தும் அதே பக்கம், காற்றும் அதே பக்கம். நங்கூரத்தை இழுத்தால் வரவில்லை, அடியில் பழைய கட்டையொன்றில் மாட்டியிருந்தது. அப்பா எஞ்சினைத் தொடக்கி, மெதுவாக ஓடவிட்டு, பிடியை அந்த மனுசனிடம் கொடுத்து, "இப்பிடியே வெச்சிரிங்க" என்று சொல்லிவிட்டு மணல் திட்டின் பக்கமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய், மூழ்கி, கட்டையிலிருந்து அதைக் கழற்றினார்.

கழன்ற அந்தக் கணத்தில் ஓட்டம் படகின் முன்பக்கத்தைப் பிடித்தது. ஆற்றைப் பார்த்திருந்த அணியம் சுழன்று கடலைப் பார்த்தது. சிவப்புத் துணி கட்டிய கம்பு எனக்கு வலது பக்கமாக வந்து, என்னைக் கடந்து, பின்னால் போனது. அதுவரை நான் சத்தமாக மட்டுமே அறிந்திருந்ததை அப்போதுதான் கண்ணால் கண்டேன். ஒடுக்கத்தின் முடிவில் தண்ணீர் வெள்ளையாக எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் இடையில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் நீளம்கூட இல்லை. படகில் மற்ற எல்லோரும் பின்னால் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் பார்த்தது நான் ஒருத்திதான்.

"கிறுகு!" என்று அப்பா கத்தினார். கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

"என்ன சொல்லுறார்?" என்றார் தாய்.

"முறுக்கச் சொல்லுறார்!" என்று அந்த மனுசன் பிடியை முறுக்கினார். படகு முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கிப் பாய்ந்தது.

"கிறுகு! கிறுகு ஐயா, கிறுகு!"

அவர் இன்னும் முறுக்கினார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாக அப்பாவின் சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது, அவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்பதும் அதே கணத்தில் விளங்கியது. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயில் முட்டிக்கொண்டு நின்றது "கிறுகு" மட்டும்தான். அதைச் சொன்னால் மயூரி சிரிப்பாள். நம்ப முடியாதுதான், வெள்ளைத் தண்ணீர் கண்முன்னே எழுந்துகொண்டிருக்க, நான் பயந்தது அந்தச் சிரிப்புக்கு. அவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று பாடப்புத்தகத்துக்குள் தேடினேன். மூன்றாவது முறை அப்பாவின் சத்தம் வந்தது, அதில் சொல்லே இல்லை, வெறும் ஓலம். கிறுகிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே அவர் தலை இல்லை.

"மாமா, திருப்புங்கோ!" என்று நான் கத்தினேன். "ங்கோ" போட்டு, அவர்களைப் போல, நான் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் முன்னால் பார்த்தார். பிடியை ஒரேயடியாகத் தள்ளினார். படகு குறுக்கே கிறுகியது, முதல் அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே விழுந்தது, எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றது, அடுத்த அலை எங்களைத் தூக்கி மணல் திட்டின் ஓரத்தில் போட்டது. முழங்கால் அளவு தண்ணீருக்குள் தாய் இரண்டு பிள்ளைகளையும் கட்டிப்பிடித்து "முருகா, முருகா" என்றுகொண்டிருந்தார். மயூரி என் சட்டையைப் பிடித்திருந்தாள். நான் திட்டின்மேல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மணலில் ஓடிவரும் ஓர் ஆள் தெரிந்தது, ஒரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அப்பா வந்ததும் முதலில் தலைகளை எண்ணினார். அதன்பிறகுதான் பேச்சு வந்தது.

"ஏன் ஐயா முறுக்கின நீங்க?"

"நீங்கள்தானே அண்ணை முறுக்கு முறுக்கெண்டு கத்தினீங்கள்!"

"நான் கிறுகு எண்டல்லவா சொன்னன்."

"கிறுகோ? அதென்ன?"

அப்பா மற்றக் கையால் படகு திரும்புவதுபோலக் காட்டினார். பிறகு அந்த மனுசன் சிரித்தார், உயிர் தப்பியவர்களுக்கு வரும் நடுக்கச் சிரிப்பு. "தமிழில சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார். கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. உடனேயே என்னைக் காட்டி, "உங்கட பிள்ளைதான் எங்களைக் காப்பாத்தினவ" என்றும் சொன்னார். அப்பா, "ஓம் ஐயா, என்ட பிழைதான்" என்றார். தோலுரிந்த உள்ளங்கையை என் தலையில் வைத்தார். அந்த ஈரம் தண்ணீரா இரத்தமா என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை.

மகள் சத்தம் போட்டதால் தப்பினோம் என்று அப்பா பல ஆண்டுகள் ஊரெல்லாம் சொன்னார். அவர் மூன்று முறை கத்தினார், நான் மூன்றாவதற்குப் பிறகே வாய் திறந்தேன் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. அடுத்த பயணத்திலிருந்து அவர் "திருப்புங்க" என்றார். முதலில் படகில், பிறகு கரையில், பிறகு வீட்டிலும். அம்மா ஒருநாள், "என்ன, ஐயாட தமிழ் மாறிட்டு" என்று கேலி செய்ததும் நினைவிருக்கிறது.

இப்போது அந்தப் படகு இல்லை. ஆற்றுவாய்ப் பக்கம் ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுக்கும் புதிய படகுகள் ஓடுகின்றன, அவை ஒன்றிலும் அணியத்தில் பிள்ளை உட்காருவதில்லை, அது நல்லது. சிவப்புத் துணிக் கம்பு எந்த மாரியில் போனது என்று தெரியவில்லை. போன மாதம் அப்பாவைக் கண் வைத்தியரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வந்ததும் அப்பா முன்னால் குனிந்து, "இதால திருப்புங்க தம்பி" என்றார்.

சாரதிக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், எங்கள் மாவட்டத்துக் கிரான் பக்கத்து ஆள். "இதாலயா கிறுக?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. அன்றைக்கு ஆற்றுவாயில் நான் சொல்லாமல் விழுங்கிய சொல் அது.

"ஓம், கிறுகுங்க" என்றேன், எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, அப்பாவுக்குக் கேட்கும்படி.