அவசரம் அடிக்காத டிரம்ஸ்

என் தம்பியை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவசரம் என்றுதான் கூப்பிடுவோம். எட்டாம் மாதமே பிறந்தவன், மற்றவர்கள் தட்டு வைப்பதற்குள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறவன், அவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? பகலெல்லாம் வாஷிங் மெஷின் ரிப்பேர். சாயங்காலமானால் என் வீட்டுக்காரரின் இசைக்குழுவில் டிரம்ஸ்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தமே மூன்று பேர். இவர் பாட்டுக் கட்டி, கிட்டார் வாசித்துப் பாடுவார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் பேஸ் கிட்டார். எங்கள் கார் ஷெட்டில் காரைத் தவிர எல்லாம் இருந்தது. அவர்கள் வாசிப்பதற்குப் பவர் பாப் என்று பெயராம். கிட்டார் காதைக் கிழிக்க வேண்டும், ஆனால் மெட்டு ஒரே தடவையில் வாயில் ஒட்டிக்கொள்ள வேண்டும், பல்லவி வந்தால் கூட்டமே சேர்ந்து பாட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் இவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

அவசரத்திடம் ஒரு குறை உண்டு. பல்லவிக்கு ஒரு வரி முன்னாலேயே வேகம் பிடித்துவிடுவான். மற்ற இருவரும் திட்டிக்கொண்டே ஓடிப்போய் அவனைப் பிடிப்பார்கள். அந்த ஓட்டத்தில்தான் பாட்டுக்கே உயிர் வரும். சமையலறையில் இருக்கும் என் கால் தானாகத் தாளம் போடும். அவனைத் திருத்த இவர் படாத பாடு பட்டார். அவன் மாறவில்லை.

ஆல்பம் பதிவு செய்ய அவன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனான். உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்து, “அக்கா, ஆயுசுக்கும் இது ஒண்ணு போதும்” என்றான். நான் மருந்து போட்டுவிட்டேன்.

ஆல்பம் வெளியானது. வெளியீட்டு விழா இரைச்சலில் அன்று யாருக்கும் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் உட்கார்ந்து கேட்பதற்குள் விமர்சனங்கள் வந்தன. ஒரு பத்திரிகை தலையில் தூக்கி வைத்து ஆடியது. டிரம்ஸில் ஒரு அடிகூடப் பிசகவில்லை, கடிகாரமே தோற்றது என்று எழுதியது. இன்னொருவர், மெட்டெல்லாம் அருமை, ஆனால் டிரம்ஸில் ஜீவனே இல்லை, அடிப்பவருக்கு இந்தப் பாட்டுகளே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று போட்டுத் தாக்கினார். கேட்டவர்களும் அதே மாதிரி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். “காரில் போட்டால் நிறுத்த மனம் வரவில்லை” என்றார் ஒருவர். “டிரம்மரைத் தூங்கப் போகச் சொல்லுங்கள்” என்றார் இன்னொருவர்.

அவசரத்தை வருத்தியது திட்டு இல்லை, பாராட்டுதான். “பிசகவே இல்லையாம்க்கா. நான் பிசகாம வாசிச்சு நீ எப்பவாவது கேட்டிருக்கியா?” என்று போனை நீட்டினான். சமையலறையில் நின்றபடியே இருவரும் முதல் பாட்டைக் கேட்டோம். பல்லவி வந்தது. யாரும் ஓடவில்லை. அடுத்த பாட்டிலும் ஓடவில்லை. அவன் முகம் வெளுத்துப் போனது.

இவர் வந்ததும் கேட்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“ஸ்டுடியோக்காரர்தான் சொன்னாரு. இவன் வாசிச்சதை எடுத்துட்டு எல்லாப் பாட்டுக்கும் கம்ப்யூட்டர்லயே டிரம்ஸ் போட்டாச்சு. ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?” என்றான் தம்பி.

“சொன்னா மனசு கஷ்டப்படுவே. அதான் அட்டையில உன் பேரைப் போட்டிருக்கேனே!”

என்ன பெருந்தன்மை! அவன் கையை வெட்டிவிட்டு மோதிரம் போட்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். தம்பி கத்தவில்லை. அன்றைக்குத்தான் அவன் நிதானமாக நடந்து வெளியே போனதைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் வானொலியில் பேட்டி. மூன்று பேரும் வந்தாக வேண்டும், ஒருவன் குறைந்தால் ஆயிரம் கேள்வி வரும் என்று இவர் கெஞ்சினார். “அக்காவுக்காக வர்றேன்” என்று தம்பி போனான். நான் வீட்டில் வேலையை அப்படியே போட்டுவிட்டு வானொலி முன்னால் உட்கார்ந்தேன்.

அறிவிப்பாளர் நேராக அவனிடமே வந்தார். “உங்க டிரம்ஸைப் பத்தி ஒருத்தர் ஆஹாங்கிறாரு, ஒருத்தர் உயிரே இல்லைங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

“அது நான் வாசிச்சது இல்லீங்க.”

சொல்லிவிட்டான், என் தம்பி சொல்லியே விட்டான்! பிறகு என் புருஷனின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“பாத்தீங்களா? இவன் எப்பவும் இப்படித்தான். வாசிக்க ஆரம்பிச்சா தன்னையே மறந்துடுவான். அப்புறம் கேட்டா நான் இல்லேன்னுவான்.”

“என்ன ஒரு தன்னடக்கம்!” என்று அறிவிப்பாளரும் சேர்ந்து சிரித்தார். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். உடனே ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் போட்டார்கள்.

பாட்டு முடிவதற்குள் என் போன் அடித்தது. தம்பிதான். வானொலி நிலைய வாசலில் நின்று பேசினான்.

“அக்கா, இங்க ரெண்டு பேர் ஆல்பத்தோட நின்னாங்க. நீங்கதானே டிரம்ஸ், உங்க அடக்கத்தை ரேடியோல கேட்டோம்னு சொல்லிப் பேனாவை நீட்டினாங்க.”

“நீ என்னடா சொன்னே?”

“இன்னொரு தடவை சொல்ல என்னால முடியலக்கா. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதான். என் புருஷனை மன்னிப்பதற்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று அந்த ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தேடவில்லை.