மைனா விட்ட மூன்று முழம்

மைனா... நேற்று அடுப்பு மூட்டத் தீப்பெட்டியைத் திறந்தேன். அந்த மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் உன் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைனா என் தங்கச்சி. வாய் ஓயாதவள் என்று வாப்பா வைத்த பெயர். போன மாதம் மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டாள். இது அவளுக்குப் பத்தொன்பது வயதில் நடந்த கதை.

சூறாவளி அடித்த அடுத்த வருடம். கல்முனைக்குடியில் எங்கள் பக்கம் ஒரு வேலியும் மிச்சமில்லை. எந்த வளவு யாருடையது என்று கோழிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அப்போதுதான் ஒரு யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு மிஸ், ஆறு மாணவர்களோடு வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பகுதியைத் திருத்திக் கட்டப் பிளான் போடுகிறார்களாம். சனத்தோடு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் போடுவார்களாம். அதற்கு ஸ்டூடியோ என்று பெயர். பெண்களும் வந்துபோகத் தோதாக இருக்கும் என்று எங்கள் வீட்டு ஹோலைக் கேட்டார்கள். உம்மா பாய் விரித்துக் கொடுத்தா.

பாய் நிறைய எங்கள் ஊரைச் செய்து வைத்தார்கள். நீலத் தாளில் கடல். வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி. தாடி வைத்த சிங்கள மாணவர் ஒருவர் நான்கு நாள் குந்தியிருந்து ஒட்டினார். நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு பச்சைத் திடல். மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்கு நேராக ஒரு சிவப்பு நூல்... அதுதான் வரப்போகும் ரோடு.

அந்த நூல் எங்கள் பின் வளவுக்குள்ளால் போனது.

எங்கள் ஊர் வழக்கத்தில் மகளுக்கு ஒரு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். முன் வீடு எனக்கு. பின் வளவு மைனாவுக்கு. மாப்பிள்ளையும் பேசி வைத்தாயிற்று. வீடு எழும்பட்டும் என்று காத்திருந்தார்கள்.

உம்மா நூலைப் பார்த்தா. மிஸ்ஸைப் பார்த்தா.

"அப்ப என்ட சின்ன மகள்ற ஊட்ட ரோட்டுக்கு நடுவுலயா மிஸ் கட்டுற?"

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. "ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதானே அம்மா?" என்றார். பிறகு யோசித்து, "சரி, என்ன தேவையோ அதை நீங்களே வச்சுக் காட்டுங்கோ. நாங்கள் பள்ளிவாசல் ஆக்களைச் சந்திச்சிட்டு வாறம்" என்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

மைனாவுக்கு அது போதும். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வளவு வளவாக ஓடினாள்.

"கல்யாணம் முடிக்காத குமர் இரிக்கிற ஊட்டாக்கள் எல்லாரும் வாங்க. ஒரு குமருக்கு ஒரு தீப்பெட்டி. ஆம்புளப் புள்ளகளுக்கு ஒண்டும் வேணாம், அதுகள் பொண்டாட்டிர ஊட்ட போறதுகள்தானே."

வந்தார்கள்... மடியில் தீப்பெட்டியோடு. சிலர் குச்சியைக்கூடக் கொட்டவில்லை. முதலில் பச்சைத் திடல் போனது. பிறகு சிவப்பு நூல் போனது. செய்னம்பு மாமிக்கு ஐந்து மகள்மார். இடமில்லாமல் ஐந்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினா. பிந்தி வந்தவள் நீலத் தாளில் வைத்தாள்.

"அது கடல் புள்ள."

"ஓம், பாத்துத்தான் வெச்ச. காத்து வரும்."

அஸர் தொழுகைக்குப் பிறகு மிஸ் திரும்பி வந்தார். தாடி மாணவர் தலையில் கை வைத்து வாசற்படியிலேயே குந்திவிட்டார். மிஸ் கோபிக்கவில்லை. முழங்காலிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"எல்லாம் சரி. வழி எங்கை?"

"வேலியில கடப்பு வெப்பம் மிஸ், குனிஞ்சி போற மாதிரி. நாங்க எப்பவும் ஊட்டால ஊடு போறதான்" என்றா செய்னம்பு மாமி. எல்லாரும் தலையாட்டினார்கள்.

மைனா மட்டும் தலையாட்டவில்லை. மிஸ்ஸின் பென்சிலை எடுத்து வீடுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"இது சந்தூக்கு மிஸ், மவுத்தானவங்கள தூக்கிட்டுப் போற பெட்டி. உள்ளுக்கு மையத்து. செய்னம்பு மாமி மவுத்து."

"என்ன ஏன்டி கொல்றாய்?"

"நீங்கதானே மாமி மேல் மாடில இரிக்கிற. எறக்கிப் பாப்பம்."

"பென்சில் பெரிசு, அளவு பிழை" என்று வாசலிலிருந்து தாடி மாணவர் முனகினார்.

"அப்ப அளவா வெட்டித் தாங்க சேர்."

பிளேட்டால் நகத்தளவு வெட்டிக் கொடுத்தார். அதுவும் இரண்டாவது வீட்டு மூலையில் இறுகியது. வேறு பக்கத்தால் தள்ளினாள். அங்கேயும் இறுகியது.

"நாலு பேர் தோள்ல தூக்கிட்டு கடப்பால குனிஞ்சி போவாங்களா? ஊட்டயெல்லாம் கட்டிப்போட்டு நாங்க மவுத்தாகாம இரிக்கப்போறமா புள்ள?"

சிரித்தார்கள். பிறகு தள்ளத் தொடங்கினார்கள்... அவரவர் பெட்டியை அல்ல, பக்கத்து வீட்டுக்காரியின் பெட்டியை.

"உன்டத்தத் தள்ளு."

"என்டது ஏற்கெனவே கடல்ல கிடக்கு, இன்னும் எங்க தள்ள?"

மைனா பார்த்தாள். முன்பு நூல் ஓடிய எங்கள் பின் வளவில் விரலை வைத்துத் தன் பெட்டியை நகர்த்தினாள்.

"என்டத்துல மூணு முழம் எடுங்க."

உம்மா அவள் தொடையில் கிள்ளினா. "குசினிக்கு இடமில்லாமப் பெய்த்திரும்டி. மாப்புள ஊட்டாக்கள் என்ன செல்லுவாங்க?"

"அவங்களா உம்மா வந்து சமைக்கப்போற?"

அதற்குப் பிறகு மற்றப் பெட்டிகளும் ஒவ்வொன்றாக அசைந்தன. வெட்டின பென்சில் எங்கள் பின் வளவில் புறப்பட்டு அடக்கம் பண்ணும் மையவாடி வரைக்கும் முட்டாமல் போனது. மிஸ் தன் கொப்பியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார். "நாளையில இருந்து ஸ்டூடியோவை நீங்கள் நடத்துங்கோ. நான் எழுதுறன்."

மிச்ச நாளெல்லாம் மைனாதான் நடத்தினாள். "தாடி சேர், எங்கட கிணறு எங்க? குடிச்சிட்டீங்களா?" அந்த ஆள் ஊருக்குப் போகும்போது தமிழில் நன்றாக ஏச்சு வாங்கப் பழகியிருந்தார்.

பிளான் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. ஆனால் புது வேலி அடித்தபோது எல்லாரும் அன்று பெட்டியைத் தள்ளிய இடத்துக்கு உள்ளேதான் அடித்தார்கள். நடுவில் ஆள் போகும் ஒழுங்கை ஒன்று விழுந்தது.

மைனாவின் வீடும் எழும்பியது, கல்யாணமும் நடந்தது. குசினிதான்... மீன் பொரிக்கக் குந்தினால் கதவைச் சாத்த முடியாது. மாமியார் கடைசிவரை அவளை "மூணு முழக்காரி" என்றே கூப்பிட்டா.

இப்போது வேலிகள் எல்லாம் மதிலாகிவிட்டன. ஒரு கடப்பும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் போன் அடித்துவிட்டுத்தான் போகிறோம். அந்த ஒழுங்கை மட்டும் அப்படியே கிடக்கிறது.

போன மாதம் நான் ஜன்னலில் நின்றேன். உன் வாசலிலிருந்து சந்தூக்கைத் தூக்கி வந்தார்கள். எல்லாரும் அழுகிறார்கள்... என் கண் உன் குசினி மூலையிலேயே நின்றது. நாலு பேர் தோளோடு திரும்பினார்கள். இந்தப் பக்கமும் படவில்லை, அந்தப் பக்கமும் படவில்லை.

எனக்கு அங்கிருந்து அப்படித்தான் தெரிந்தது. உனக்கு இடம் போதுமாக இருந்ததா, மைனா?