அக்காவுக்கு ஒரு டம்ளர், வண்டிக்கு ஒரு குடம்

போன வருஷம் சித்திரை மாதம். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு என் பழைய டீசல் காரில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அக்கா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. பதினோரு மணிக்கு மெஷின் அவளுக்கு. மூன்று மணிக்கு அடுத்தவருக்கு. தாமதித்தால், முழுக்கச் சுத்தமாகாத ரத்தத்தோடு அவள் வீடு திரும்ப வேண்டும்.

காருக்கோ ஒரு மாதமாகக் காய்ச்சல். மந்தைவெளி தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். நிறுத்துவேன், ஆறவைப்பேன், தண்ணீர் ஊற்றுவேன், மறுபடி கிளம்புவேன். நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு வைத்திருந்த அக்கா, வறண்ட உதட்டோடு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"எனக்கு டம்ளர்ல கோடு போட்டுக் குடுக்கற. இந்தத் தகரத்துக்கு மட்டும் குடம் குடமா ஊத்தற. நல்லா இருடா தம்பி!"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

யார் மேல்? மெக்கானிக்குகள் மேல். மூன்று பேர்! முதலாமவர், இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். "மெட்ராஸ் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வெச்சது." தேனாம்பேட்டையில் இன்னொருவர் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கழுவி மாட்டினார், வாட்டர் பம்ப்பையும் மாற்றினார். சைதாப்பேட்டைக்காரர் போனட்டைத் திறந்த கையோடு, ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜினை இறக்கணும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். வண்டி ராத்திரியில் எங்கே நிற்கிறது, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று வருகிறதா என்று ஒருவராவது பார்த்தாரா? போதாததற்கு, ஹீட்டரைப் போட்டு ஓட்டினால் இன்ஜின் சூடு இறங்குமென்று ஒரு யோசனை. சித்திரை வெயிலில், நோயாளியை உட்காரவைத்துக்கொண்டு, ஹீட்டர்! அதையும் செய்தேன்.

அன்று அடையாறு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வழியில் இரண்டு முறை நிறுத்தி ஆறவைத்ததில், மணி ஏற்கெனவே பதினொன்றேகால். பின்னால் ஹாரன், ஹாரன், ஹாரன். எங்களைச் சுற்றி வழிந்து போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் நான் கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனேன்.

"யோவ், கைய எடு! மூஞ்சி வெந்துடும்!"

ஓர் ஆட்டோக்காரர். என் வயதிருக்கும். ஓரங்கட்டி இறங்கி, விஷயம் கேட்டு, அக்காவைக் கைத்தாங்கலாகத் தன் ஆட்டோவில் ஏற்றினார். நான் அவள் பையை எடுப்பதற்குள், கார் முன்னால் குந்தி, கிரில்லுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்.

"இன்னா சார், வண்டி மூக்க மூடி வெச்சிகீற? எப்டி மூச்சு வுடும்?"

பிய்த்து இழுத்தார். கம்பளிபோல ஒன்று வந்தது. கொசுவலை. அதன்மேல் விரல் தடிமனுக்கு வேப்பம்பூவும் புழுதியும்.

கட்டியது நான்தான். மழைக்காலத்தில் எலி புகுந்து வயர்களைக் கடித்ததால், வலையை இரண்டாக மடித்து ரேடியேட்டருக்கு முன்னால் கட்டியிருந்தேன். வண்டி நிற்பதோ வேப்பமரத்தடியில். அதன்பிறகு மறந்தே போனேன்.

ஆனால் இப்போது அதில் என் முடிச்சுகள் இல்லை! வயர் கட்டும் புது பிளாஸ்டிக் டேக்குகள் இருந்தன. ரேடியேட்டரைக் கழற்றிய மகானுபாவர் வலையை அவிழ்த்திருக்கிறார், பிறகு என்னைவிட இறுக்கமாகக் கட்டியிருக்கிறார். ஒரு தட்டுத் தட்டக்கூடத் தோன்றவில்லை. எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாதிரி, ஓனர் கட்டியதைக் கேள்வி கேட்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஆட்டோ பறந்தும் நாற்பது நிமிடம் தாமதம். மூன்று மணிக்கு அடுத்தவர் வந்துவிட்டார், அக்காவை எழுப்பிவிட்டார்கள். சாயங்காலம் போய், ஆறியிருந்த காரில் தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். முள் பாதியிலேயே நின்றது, எதுவுமே நடக்காததுபோல.

மறுநாள் அக்காவின் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. "வண்டி சரியாயிடுச்சில்ல? அது போதும்டா" என்றாள்.

அந்த மூவர் மேலும் என் கோபம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் அது ஏறும்போதெல்லாம் கால் நுழையாத அந்தச் செருப்பு கண்முன் வந்து நிற்கிறது, முதல் முடிச்சு யார் போட்டது என்று கேட்டுக்கொண்டு.