சுருளிராஜன் வெட்டிய பந்தல்

சுருளிராஜன் ஓரிடத்தில் உட்கார்ந்து சுருளிப்பட்டியில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைத்தால், ரசம் வருவதற்குள் எழுந்துபோய்ப் பரிமாறுகிறவனிடம் வாளியைப் பிடுங்கிக்கொள்வார். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போனாலும் நாற்காலி அடுக்குவார். மனுஷனைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே கொடி படரவிட்ட பந்தல். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பருவமென்று ஒன்று கிடையாது. பழத்தை லாரியில் ஏற்றிவிட்டுக் கொடிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து, தழையெல்லாம் கழித்துக் கவாத்து பண்ணினால் நாலாம் மாதம் மறுபடி பழம். கொடியே சும்மா இருக்காத ஊரில் கொடிக்காரன் மட்டும் எப்படிச் சும்மா இருப்பான்?

இப்பேர்ப்பட்ட ஆளைக் கொண்டுபோய், கிரேக்க நாட்டில், பேர் நாக்கில் ஒட்டாத ஒரு தீவில், கடலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டார்கள்.

எல்லாம் மகள் ஓவியாவால் வந்தது. மதுரையில் கேட்டரிங் படித்து, சுற்றுலாக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவள், அந்தத் தீவில் இறங்கி, எலெனி என்ற அம்மாவின் கடலோரச் சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துவிட்டாள். அந்த மாதிரிக் கடைக்கு அங்கே தவெர்னா என்று பேர். ரெண்டு வருஷம் கழித்து, எலெனியின் மகன் ஸ்டெலியோஸைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். "வந்து பாருங்கப்பா. பாத்துட்டு என்ன வேணாலும் சொல்லுங்க" என்று டிக்கெட்டும் அனுப்பினாள். மனைவி ஜோதிலட்சுமி மதுரை விமான நிலையம்வரை வந்து அவரை வழியனுப்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பாக்குறதெல்லாம் வேணாங்க. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க." அவரும் அதே முடிவோடுதான் ஏறினார்.

போன அன்றே சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டால்தானே. எலெனி அவர் கையைப் பிடித்து நேரே அடுப்படிக்குள் கூட்டிப்போய், சட்டி சட்டியாக மூடியைத் திறந்து காட்டினாள். விருந்தாளி சட்டிக்குள் பார்த்து, எது வேண்டுமென்று கை காட்ட வேண்டுமாம். ஒரு சட்டியில் திராட்சை இலைக்குள் சோற்றைச் சுருட்டி அடுக்கியிருந்தது. "இத நம்ம ஊர்ல ஆட்டுக்குல்ல போடுவோம்" என்றார். ஓவியா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

சாப்பாடோ முடிகிற வழியாக இல்லை. ஒரு மீன், ஒரு பேச்சு, தண்ணீர் ஊற்றினால் பாலாக மாறுகிற சாராயம் ஒரு மடக்கு, மறுபடி பேச்சு. தட்டை எடுக்கலாமென்று சுருளிராஜன் எழுந்தால் ஸ்டெலியோஸ் ஓடிவந்து தோளில் கை வைப்பான். நெட்டையான பையன், வெட்கப்படுகிற முகம். ஓவியா அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்த தமிழே அவ்வளவுதான். "உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். கால் ஆடியது. மச்சினன் கர்ணனுக்குப் போன் போட்டு, மருந்தடித்தாயா, தண்ணீர் பாய்ந்ததா என்று உயிரை வாங்கினார். கடற்கரையில் நடந்தார், திரும்பி நடந்தார். மகளிடம் சொல்ல வாயெடுப்பார். அவள் கையில் தட்டோடு சிரித்துக்கொண்டே கடந்து போவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வந்த சொல் தொண்டைக்குள்ளேயே திரும்பிவிடும். சொல்லாமல் கழிந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு நெஞ்சில் கல் ஏறியது.

இதற்கு நடுவில்தான் அந்தக் கொடி. கடை வாசல் முழுக்க மரக்கால் நட்ட பந்தல். அதன்மேல் ஒரே ஒரு கிழட்டுத் திராட்சைக்கொடி, தண்டு தொடைப் பருமன். பழம் பறித்து நாளாகியிருந்தது. தழை அங்கங்கே லேசாக மஞ்சள் தட்டி, அடர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது கத்திரி வைக்க வேண்டாமா? சோம்பேறிப் பயலுக ஊர் என்று மனசுக்குள் திட்டினார். பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. ஒருநாள் விடிகிற நேரம், கொல்லையில் ஒரு கத்திரி கண்ணில் பட்டதும் நாற்காலி போட்டு ஏறிவிட்டார்.

வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் மனுஷனுக்கு மூச்சு சீராக வந்தது. வெயில் ஏறுவதற்குள் பந்தலை மொட்டையடித்து, தழையெல்லாம் கூட்டிக் குவித்துவிட்டார். மேஜைகளின்மேல் வெளிச்சம் பளீரென்று விழுந்தது.

எலெனி வந்தாள். மேலே பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே ஸ்டெலியோஸோடு வந்த ஓவியா அலறிவிட்டாள்.

"என்னப்பா செஞ்சு வச்சிருக்கீக!"

"கவாத்து ஆத்தா. பத்து நாள்ல கண்ணு முழிச்சுத் துளுத்துரும் பாரு."

"இங்கன தை மாசம் ஒரே தடவதாம்ப்பா வெட்டுவாக! இப்ப முழிச்சா வர்ற குளிர்ல அம்புட்டும் கருகிப் போகும். பங்குனி வரைக்கும் தழையாது." அவள் குரல் உடைந்தது. "அடுத்த மாசம் இந்தப் பந்தலுக்குக் கீழதான் கல்யாணம்னு இருந்தாக. நீங்க சரின்னு சொன்னா."

சுருளிராஜனுக்குக் கத்திரி கையிலிருந்து நழுவியது. பச்சைப் பந்தல். பெற்ற மகளின் கல்யாணப் பந்தல். எந்தத் தகப்பனும் கனவில்கூடச் செய்யாத காரியத்தைத் தன் கையாலேயே செய்து, குப்பையையும் கூட்டி வைத்திருக்கிறார். எலெனி மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

"என்ன சொல்றாக?" என்றார் பதறிப்போய். "உன்னய வேணாம்னு சொல்லிட்டாகளா?"

ஓவியா அவரையே பார்த்தாள். "நீங்க வேணாம்னு சொல்லத்தானப்பா வந்தீக?"

தெரிந்துதான் இருந்திருக்கிறாள் கழுதை. இத்தனை நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்ததெல்லாம் தெரிந்துகொண்டே சிரித்தது. சுருளிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவுககிட்டச் சொல்லு," என்றார். வார்த்தை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தது. "தப்புத்தான்னு சொல்லு. எங்கிட்ட ரெண்டு ஏக்கருக்குப் பந்தல் கெடக்கு. தழைச்சு நிக்கிது. அங்கன வச்சிருவோம் கல்யாணத்த. எல்லாரும் வரட்டும். பந்தல் கொஞ்சம் தாழ்வு, மாப்பிள்ள மட்டும் குனிஞ்சு நிக்கணும்."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் ஓவியா முகத்தை மூடிக்கொண்டாள். மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எலெனி கேட்டுவிட்டு, மொட்டைப் பந்தலை ஒரு தடவை பார்த்து, அவரை ஒரு தடவை பார்த்து, பெருமூச்சோடு சரியென்று தலையசைத்தாள்.

"முன்னாடி மகன்கிட்ட என்ன சொன்னாக?" என்று கேட்டார்.

"கத்திரிய எடுத்து ஒளிச்சு வையின்னாக. வெறும் வயித்துல இம்புட்டு வேல பாத்திருக்காரு, காபி குடுன்னாக."

காபி வந்தது. குடிக்கவில்லை. அதற்குள் ஜோதிலட்சுமியின் போன் வந்துவிட்டது.

"சொல்லிட்டீகளா? பிள்ளையக் கூட்டிட்டு வர்றீகளா?"

"கூட்டிட்டு வர்றேன்." காபியை ஓரமாக நகர்த்தினார். "கூட ஒரு பதினஞ்சு பேரு வருவாக. மாப்பிள்ளையோட சேத்து."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிள்ள சிரிச்ச முகமா இருக்காளா?" என்றாள் ஜோதிலட்சுமி கடைசியில்.

"அழுதுக்கிட்டே சிரிக்கிறா."

ஜோதிலட்சுமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வர்றவுக காரம் திம்பாகளா?"