முந்நூற்று முப்பது கோடி வயசு

கல்லின் வயதைக் கண்டுபிடிக்கும் அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் சல்லடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த கல்லைச் சம்மட்டியால் உடைத்து, மெஷினில் அரைத்து, சலித்து, தண்ணீரில் அலசி, காந்தம் காட்டி, கடைசியில் மிஞ்சும் ஒரு சிட்டிகைப் பொடியிலிருந்து சிர்க்கான் என்னும் மணிகளை ஊசிமுனையால் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு மணியும் தலைமுடி கனம்தான் இருக்கும். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். பதினாறு வருடமாக இதேதான்.

"சலிச்சுச் சலிச்சே உனக்குச் சலிக்கலையா?" என்று அவள் அண்ணன் கிண்டல் செய்வான். அவன் வெள்ளீயச் சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன்.

ஒருநாள் அவனுடைய சுரங்கத்திலிருந்தே கல் வந்தது. தாது எந்தக் காலத்தில் உண்டானது என்று தெரிந்தால், அடுத்து எங்கே துளைப்பது என்று முடிவு செய்யலாமாம். அவள் எண்பத்தாறு மணி பொறுக்கிக் கொடுத்தாள். ஆய்வகத்தில் வயதை அளக்கும் மெஷின்காரர் அவற்றை லேசரால் சுட்டு ஆவியாக்கினார். அந்த ஆவியில் உள்ள அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவதுதான் அவருடைய மெஷின். மணிக்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

எண்பத்திரண்டு மணி ஐம்பத்திரண்டு கோடி வருடம் என்றன. நாலு மட்டும் முந்நூற்று முப்பது கோடி என்றன.

மெஷின்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் ஒரு பழைய கல்லு அரைச்சீங்களே, அந்தப் பொடி இதுல கலந்திருக்குமோ?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய கல்லை அரைத்த அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட, அவசர அவசரமாக ஓடியிருந்தாள். அதற்கு முன் சல்லடையைக் கழுவினாளா? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

"மிச்சக் கல்லு இருக்கில்ல? முதல்லேருந்து செய்றேன்" என்றாள்.

அரைக்கும் மெஷினை ஆணி ஆணியாகக் கழற்றிக் கழுவினாள். சல்லடையைப் புதிதாக மாற்றினாள். வெறும் கண்ணாடித் தூளை அரைத்து, அதில் ஒரு மணியாவது அகப்படுகிறதா என்று இரண்டு நாள் தேடினாள். ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் சுரங்கத்துக் கல்லைத் தொட்டாள்.

இந்தத் தடவை பழைய மணிகள் ஐந்து வந்தன. அதே முந்நூற்று முப்பது கோடி.

மெஷின்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அக்கா, உங்க கை சுத்தம். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

திரையில் ஒரு மணியைப் பெரிதாக்கிக் காட்டினார். குறுக்கே நறுக்கிய வெங்காயம்போல் வளையம் வளையமாக இருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு கரு.

"இந்தக் கருதான் பழசு. சுத்தியிருந்த பாறையெல்லாம் உருகிக் குழம்பா ஆயிருக்கு. இது மட்டும் உருகல. அந்தக் குழம்புல மிதந்து, மேல புதுசா ஒரு தோல் போட்டுக்கிட்டிருக்கு. அப்போ சுரங்கத்துக்கு அடியில யாருக்குமே தெரியாத ஒரு பழைய நிலம் இருக்குன்னு அர்த்தம்."

"அந்தக் காலத்துல மரம் மட்டை எல்லாம் இருந்துச்சா?"

"மரமா? புல்லுகூடக் கிடையாது. மீன் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருந்திருக்கும், அவ்வளவுதான்."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பார்ப்பதற்கு ஒரு கண்கூட இல்லாத காலத்துப் பொருளை, போன வாரம் இந்த விரல் பிடித்த ஊசியால் தள்ளி வரிசையில் வைத்திருக்கிறாள்.

அறிக்கையில் அந்த ஐந்து மணிக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினார்கள். விடுமுறைக்கு வந்த அண்ணனை அவள் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள். இன்னும் சுடாமல் வைத்திருந்த மணிகள் வெளிச்சத்தில் தேன் நிறத்தில் மின்னின.

"இதுக்குள்ளயா அந்தப் பழைய கரு இருக்கு?" என்றான்.

"சிலதுக்குள்ள இருக்கும். எதுன்னு சுட்டாத்தான் தெரியும்."

"இருபது வருஷமா இதையா நான் குடைஞ்சு தள்ளிக்கிட்டு இருக்கேன்!"

கிண்டல் எதுவும் வரவில்லை. நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரு, இன்னொரு தடவை பாத்துக்கிறேன்" என்று மறுபடி குனிந்தான்.