காப்புக் கட்டிய பதினைந்து நாட்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். கம்பம் நட்டுக் கூத்து தொடங்கும் அன்று காப்புக் கட்டிக்கொண்டவர்கள், காமனை எரித்துக் காப்பை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இது தெரியாத ஆள் இல்லை. தெரிந்தேதான் நான் கையை நீட்டினேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது. தேயிலை ஃபெக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளைக்குப் போய் ஒரு ரொக் பேண்டில் லீட் கிட்டார் வாசிப்பேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுகிறவன் நான். ஆனால் ட்ரம்ஸும் பெரிய ஸ்பீக்கர்களும் அதிரும்போது யாரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றாது. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பன்னிரண்டு வருடம் வாசித்தேன்.

அந்த வருடம் எல்ல என்ற சுற்றுலா ஊரில் எங்கள் பேண்டுக்கு ஒரு பெரிய ஷோ கிடைத்திருந்தது. கம்பம் நட்ட பத்தாம் நாள் அது. கம்பம் நட்ட அன்று தேங்காய் உடைக்கத்தான் கோயிலுக்குப் போனேன். கூத்துப் பாட்டுக் கோஷ்டிக்கு ஒரு ஆள் குறைந்தது. கோயில் தலைவர் மஞ்சள் கயிற்றோடு என் முன்னால் வந்து நின்றார்.

"கிட்டார்காரரே, கைய நீட்டுங்க."

எல்லோரும் பார்த்தார்கள். 'எனக்கு ஷோ இருக்குங்க' என்ற மூன்று சொல்லைச் சொல்ல முடியாமல் கையை நீட்டினேன்.

வீட்டில் என் மணிக்கட்டைப் பார்த்த மனைவி, "அப்ப எல்லவுக்கு யாரு போறா? நானா?" என்றாள்.

தினமும் வேலை முடிந்ததும் கோயிலடியில் ஒத்திகை. முதல் நாள் கரண்டு கிட்டாரையே கொண்டுபோனேன். தப்பு மேளம் அடிப்பவர் காதைப் பொத்திக்கொண்டார். "அண்ணே, காமன் எரியிறதுக்கு முந்தி நாங்க செவிடாயிருவோம்!"

மறுநாள் பழைய மரக் கிட்டாரை எடுத்துப் போனேன். இரண்டு தப்பு, ஒரு ஜோடி தாளம், மூன்று குரல், நான். ஒரு தந்தி பிசகினாலும் அத்தனை பேரும் திரும்பினார்கள். எழுந்து ஓடவும் முடியாது. ஃபெக்டரி, லயம், கோயில், மறுபடி ஃபெக்டரி. பசறைக்குப் போகும் பஸ் சத்தம் கேட்டால்கூட ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

ஷோவுக்கு முந்தைய நாள் பேண்ட் தலைவர் த்ரீவீலில் வந்தார். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவர். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"ஏறு மச்சான். கடைக் கத்தரிக்கோல் வண்டியிலயே இருக்கு. வெட்டுவோம், ஷோ முடிஞ்சதும் புதுசா ஒன்னு கட்டிக்க."

"அப்படிக் கட்ட முடியாது மச்சான்."

"அப்ப பன்னிரண்டு வருசம்?"

போனால் என்ன ஆகும் என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். "இந்த லயத்துல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நம்மளத்தான் சொல்லுவாங்க." நான் பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். வண்டி திரும்பிப் போனது.

ஷோ நடந்த நேரத்தில் நான் கோயிலடியில் ஒத்திகையில் இருந்தேன். எரிந்த புருஷன் காமனை நினைத்து ரதி அழும் பாட்டு அது. தப்பு நிற்கும், ஒரு குரலும் என் கிட்டாரும் மட்டும். நெஞ்செல்லாம் எல்லவில் இருந்தது. ஆனாலும் விரல்கள் பிசகவில்லை. பாடியவர் முடித்துவிட்டு, "இன்னைக்கித்தான் நீங்க வாசிக்கிறது கேட்டுச்சு" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை.

காப்பை அவிழ்த்த மறுநாள் பேண்ட் தலைவருக்கு ஃபோன் எடுத்தேன். பதுளையிலிருந்து வேறொருவரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். "நீ சாமியையே பாரு மச்சான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருப்பேன்.

அதன்பிறகு அந்தக் கூத்துக் கோஷ்டியோடுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கும் விழாக்களுக்கும் கூப்பிடுகிறார்கள். மண்ணின் பாட்டுக்காக ரொக்கை விட்டு வந்தவர் என்று மேடையில் அறிமுகம் செய்கிறார்கள். அதையும் நான் மறுத்துப் பேசியதில்லை. கிட்டாரோடு உட்கார்ந்து, முதல் பாட்டு முடியும்வரை வெளியே போகும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.