மீன் போடாத குழம்பு

மதிவதனி மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாள் என்ற செய்தி கிளிஞ்சல்மேட்டில் அவள் தெரு முழுக்கப் பரவிய பிறகுதான் அவள் கணவன் மருதையன் காதுக்கு வந்தது. மீனோடு நின்றிருந்தால்கூட ஊர் பொறுத்திருக்கும். கறி, முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் அவள் விட்டிருந்தாள். அதிலும் அவள் மீன் விற்கிறவள். விடியலில் துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து, கோட்டுச்சேரிப் பக்கம் தெருத்தெருவாகக் கூடையைச் சுமந்து விற்றுவிட்டு வருகிறவள்.

மஞ்சள் காமாலையில் தொடங்கியது அது. சில மாதம் இவை எதுவும் இல்லாமல் பத்தியம் இருந்தாள். உடம்பு தேறி மருந்தும் நின்ற பிறகு, மருதையன் விசைப்படகிலிருந்து இறங்கும்போது நல்ல வஞ்சிரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதை ஆய்ந்து குழம்பு வைத்து அவனுக்குப் பரிமாறினாள். தன் தட்டில் மட்டும் ஊற்றிக்கொள்ளவில்லை. நாக்கும் தேடவில்லை, மனசும் தேடவில்லை.

நாத்தனார் பூவாயி நேரிலேயே வந்தாள். மருதையனுக்கு மூத்தவள். அந்தத் தெருவில் அவள் பேச்சை மறுத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

“என்ன வேண்டுதல்னு சொல்லிடு. எத்தன நாளைக்குன்னாவது தெரிஞ்சுக்கறேன்.”

“வேண்டுதல் எல்லாம் இல்ல அண்ணி. வேண்டாம், அவ்வளவுதான்.”

“மீன் விக்கிறவளே திங்கலன்னா வாங்குறவ என்ன நினைப்பா? சரக்கு கெட்டுப்போச்சுன்னுதானே நினைப்பா?”

“மோந்து பாத்து வாங்கட்டும். விக்கிறவ திங்கணும்னு சட்டமா இருக்கு?”

பூவாயி எழுந்து முந்தானையை உதறினாள். “பொங்கல் வரைக்கும்கூட நீ தாங்க மாட்ட, பாரு.”

உண்மையில் மதிவதனி திணறிக்கொண்டுதான் இருந்தாள். ரசமும் ஒரு பொரியலுமாக நாட்கள் போயின. வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்ட மாதிரியே இல்லை. ரவிக்கை தொளதொளத்தது. கல்யாண வீட்டில் பெண்கள் அவள் காதுபடவே, “எலும்பும் தோலுமா ஆயிட்டா” என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. இப்படியே போனால் மீன் வேண்டும் என்பதற்காக இல்லாமல், முடியவில்லை என்பதற்காக மறுபடி மீன் தின்ன நேரும். பூவாயி கண்ணெதிரே அப்படித் தோற்க அவளுக்கு மனசில்லை.

ஒருநாள் மருதையனுக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயில் பொரிந்த வெங்காய வடகம், வறுத்து அரைத்த மல்லி, பழைய புளி, கடைசியில் தேங்காய். உப்பு பார்க்கக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். மீன் இன்னும் சட்டியில் விழவே இல்லை. அலம்பியபடி பக்கத்துத் தட்டில் கிடந்தது. ஆனால் குழம்பு ஏற்கெனவே குழம்பாகிவிட்டிருந்தது. இத்தனை வருஷமும் மீனுக்குப் போன பாராட்டெல்லாம் தன் மசாலாவுக்குச் சேர வேண்டியது என்று அவளுக்கு அன்று பட்டது. பாதிக் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றி, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயைப் போட்டு, மறுநாள் வரை மூடி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அடுப்படி வேறு மாதிரி ஆனது. வாழைக்காயைக் கனமாக வெட்டி, மிளகாய்த்தூளும் மிளகும் சோம்பும் புளியும் பிசறி, தோசைக்கல்லில் ஓரம் முறுகும்வரை பொறுமையாகப் போட்டெடுத்தாள். வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சி, மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுத் தயிராக்கப் பார்த்தாள். முதலில் நீர்த்துப்போனது, பிறகு கசந்தது. விடவில்லை. ஒருநாள் அது கெட்டியாக உறைந்தது.

மருதையன் வழக்கம்போல மீன் குழம்பையே சாப்பிட்டு வந்தான். ஒருநாள் பாதிச் சோற்றில் நிறுத்தி, “ஒன் சட்டிலேருந்து கொஞ்சம் ஊத்து” என்றான். ஊற்றினாள். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையில் நின்றன. ஏலம் இல்லை, கூடைக்கு வேலை இல்லை. ஆனால் படகுகளைப் பழுது பார்க்கிற கூட்டம் துறைமுகத்தில் இருந்தது. வெல்டிங், பெயிண்ட், இஞ்சின் என்று எல்லோரும் பகல் முழுக்க வெயிலில் கிடந்தார்கள். மதிவதனி ஒரு மேசை போட்டு, மதியச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தாள்.

காரைக்காலிலிருந்து வரும் இஞ்சின் மெக்கானிக் சேக் அலாவுதீன் முதல் நாளே சாப்பிட்டார். மறுநாள் வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்: “ருசி எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா மூணு மணிக்கே வயித்தக் கிள்ளுது. இஞ்சின் தூக்குற வேல எங்களுக்கு. கறிசோறுன்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பசி அவளுக்கும் தெரிந்த பசிதான்.

“நாளைக்கு வாங்க பாய். நிக்க வைக்கிறேன்.”

மறுநாள் மொச்சை ஊறி, உடையாமல் வெந்து, குழம்பில் கிடந்தது. அரிசி, கைக்குத்தல் அரிசி. முதல் பிடிச் சோற்றுக்குக் கறுப்பு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். முருங்கைக்கீரையில் வறுத்துப் பொடித்த கடலை தாராளமாக. தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையலும் வாழைக்காய் வறுவலும். கடைசியில் கடலைத் தயிர். அன்று சாயங்காலம் அலாவுதீன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே மேசைப் பக்கம் வந்தார். “இன்னிக்குப் பசிச்சு எந்திரிக்கல, டீ குடிக்கத்தான் எந்திரிச்சேன்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியதும் பூவாயி வந்தாள். “வெளையாட்டு போதும். கூடைய எடு.”

“நீங்களே எடுத்துக்குங்க அண்ணி. நல்ல கூடை, இன்னும் ரெண்டு வருஷம் வரும்.”

“மீன் வந்து எறங்குற எடத்துல மொச்சக்கொட்ட வித்துப் பொழைக்கப் போறியா?”

“ஆமா.”

படகுகள் திரும்பி வந்த அன்று துறைமுகமே திருவிழாவாக இருந்தது. நாலு பக்கமும் மீன் பொரியும் வாசனை. மதிவதனியின் மேசைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. பழுது வேலை முடிந்து அலாவுதீனும் போய்விட்டிருந்தார். ஏலக்கூடத்து வாசலில் பூவாயி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டிகளை மூடி ஆட்டோவில் ஏற்றிவிட அவளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அவள் மூடவில்லை. ஒரு வாழையிலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். எள்ளுப்பொடி, குழம்பு, கீரை, வறுவல் என்று எல்லாவற்றையும் தனக்கே பரிமாறிக்கொண்டு, ஏலக்கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவசரப்படாமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றிக்கொண்டாள். தயிர்ச்சோற்றை வழித்து முடித்த பிறகுதான் எழுந்தாள். மிச்சத்தைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே அளவு சமைத்தாள்.

அன்றும் கூட்டமில்லை. அடுத்த நாள், பல நாள் கடலில் கிடந்து வந்த ஒரு படகின் ஆட்கள் குளித்துவிட்டு அந்தப் பக்கம் வந்தார்கள். “மீன் இல்லாத சோறு ஏதாச்சும் இருக்காக்கா? கடல்ல மூணு வேளையும் அதான்” என்றான் ஒருவன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்லி அடுத்த படகு வந்தது.

மேசை இருந்த இடத்தில் இப்போது தகரக்கூரை போட்ட கடை இருக்கிறது. பூவாயி இன்றுவரை அங்கே கை நனைக்கவில்லை. மதிவதனியும் கூப்பிட்டதில்லை. எப்போதாவது புதிதாகச் சாப்பிட வருகிறவர் விரலை நக்கிக்கொண்டே, “அப்படியே மீன் கொழம்பு மாதிரி இருக்குங்க” என்று பாராட்டுவார்.

“மீன் கொழம்பு வேணும்னா அந்தப் பக்கம் நாலு கடை இருக்கு. இது மொச்சக் கொழம்பு” என்பாள் அவள். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.